விலை கொடுத்தவருக்கே பூட்டு!

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை நேரம். நல்ல மழை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றான். பிறந்த நாளுக்குக் கிடைத்த பணத்தோடு உண்டியல் காசையும் சேர்த்து அவன் ஒரு கணிப்பொறி விளையாட்டை விலைக்கு வாங்கியிருந்தான். மழையில் இணைய இணைப்பு அறுந்து போயிற்று. மின்சாரம் இருந்தது. கணிப்பொறியும் நன்றாக இருந்தது. விளையாட்டு முழுவதும் அதன் வட்டிலேயே பதிந்திருந்தது. அது ஒருவர் தனியாக ஆடும் ஆட்டம். வெளியார் எவரும் அதில் சேர வேண்டியதில்லை. ஆயினும் ஆட்டம் தொடங்கவில்லை. இணைப்பைச் சரிபார்க்கும்படி ஒரு வரி மட்டும் திரையில் நின்றது.

"மாமா, காசு கொடுத்தவன் நான். அடுத்த வீட்டுப் பையன் வைத்திருப்பது திருட்டு நகல். அவனுக்கு ஆடுகிறது, எனக்கு ஆடவில்லை. இது என்ன நியாயம்?" என்று கேட்டான்.

நியாயத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் இது எப்படி நேர்கிறது என்பதைப் பார்ப்போம் என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையே சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன். இதில் பௌதிகம் நிறைய இருக்கிறது.

ஒரு புத்தகத்தைக் கையால் படியெடுத்தால் பிழைகள் புகுந்துவிடும். ஒலிநாடாவைப் படியெடுத்தால் இரைச்சல் கூடும். படியின் படியை எடுத்தால் இன்னும் மோசமாகும். கணிப்பொறி நிரல் அப்படியன்று. அது 0, 1 என்னும் இரண்டே குறிகளால் ஆன நீண்ட வரிசை. பிழையில்லாமல் படியெடுத்தால் ஆயிரமாவது படியும் மூலமும் ஒன்றேதான். செலவும் ஏறக்குறைய இல்லை. விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருப்பார்கள். அதை ஒருவர் வாங்கி ஊருக்கெல்லாம் படியெடுத்துக் கொடுத்தால் உழைத்தவர்களுக்கு என்ன மிஞ்சும்? ஆகவே, படியெடுக்க முடியாதபடி ஒரு தடை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் நினைத்ததில் தவறில்லை. தடையை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

காந்தத் தட்டில் ஒரு தந்திரம்

1980-களில் விளையாட்டுகள் ஒலிநாடாக்களிலும் நெகிழ்வட்டுகளிலும் விற்கப்பட்டன. நெகிழ்வட்டு என்பது காந்தப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. அதன் மீது ஒரு காந்தத் தலை வட்ட வட்டமான தடங்களில் செய்தியை எழுதும், படிக்கும். காந்தத் திசை திரும்பும் இடங்களே அங்கு எழுத்துகள். ஒரு திருப்பம் குறித்த கால அளவுக்குள் வந்தால் 1, வராவிட்டால் 0 என்று எளிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு குறும்பு செய்வோம். அந்தத் திருப்பத்தைக் கால அளவின் விளிம்பிலேயே வைத்துவிட்டால் என்ன ஆகும்? தட்டின் சுழற்சி வேகத்தில் ஏற்படும் மிகச் சிறிய மாறுதலால் அது ஒரு முறை 1 ஆகவும், மறுமுறை 0 ஆகவும் படிக்கப்படும். 1987-இல் அட்டாரி எஸ்.டி. கணிப்பொறிக்கு வந்த 'டஞ்சன் மாஸ்டர்' என்ற விளையாட்டு இந்த உத்தியைக் கையாண்டது. நிரல் அந்த இடத்தைப் பலமுறை படித்துப் பார்க்கும். விடை மாறி மாறி வந்தால் அசல் தட்டு. ஒரே விடை வந்தால் நகல்! வீட்டிலுள்ள சாதாரணக் கருவி 0 அல்லது 1 என்றுதான் எழுதும். இரண்டுங்கெட்டானாக எழுத அதற்குத் தெரியாது. அழகான யோசனைதான், மறுப்பதற்கில்லை.

வேறு சிலர் தட்டில் வேண்டுமென்றே பழுதான பகுதிகளை வைத்தார்கள். நகலெடுக்கும் கருவி பழுதை நகலெடுக்காது. ஆகவே பழுது இருந்தால்தான் அசல் என்பது கணக்கு. இதன் விளைவைக் கமடோர் 64 கணிப்பொறி வைத்திருந்தவர்கள் காதால் கேட்டார்கள். அதனுடன் இணைந்த 1541 என்ற வட்டு இயக்கியில், தலை முதல் தடத்துக்கு வந்துவிட்டதா என்று அறியும் உணர்வி கிடையாது. படிப்பதில் பிழை நேர்ந்தால், அது தலையை ஓரத்திலுள்ள தடுப்பில் முட்டும் வரை பின்னுக்குத் தள்ளி, அங்கிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். தடுப்பில் இடித்த பிறகும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். 'தட தட தட' என்று ஒரு சத்தம். பழுதை வேண்டுமென்றே வைத்த தட்டுகளை ஏற்றும்போதெல்லாம் இந்த இடி. இடிபட்டு இடிபட்டுத் தலை தன் நிலையிலிருந்து சற்றே விலகிவிடும். அதன் பிறகு நல்ல தட்டுகளைக்கூட அது சரியாகப் படிக்காது. விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு, விலை கொடுத்து வாங்கிய கருவியைக் கெடுத்தது! தடையை நீக்கிவிட்ட திருட்டு நகலில் பழுதும் இல்லை, இடியும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நெகிழ்வட்டில் தலை தட்டை உரசிக்கொண்டே ஓடும். தட்டு தேயும். தூசி, வெப்பம், பக்கத்தில் ஒரு காந்தம் எதுவானாலும் அதைக் கெடுத்துவிடும். எனவே ஒரு மாற்றுப் படி எடுத்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அந்த ஒன்றைத்தான் தடை தடுத்தது.

பட்டகமும் சிவப்புத் தாளும்

ஒளியியல் படித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய ஒரு தடை 1985-இல் இங்கிலாந்தில் வந்தது. அதன் பெயர் லென்ஸ்லாக். இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணிப்பொறிக்கு வந்த 'எலீட்' என்ற விளையாட்டுடன் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு கொடுத்தார்கள். அதில் பல குறுகிய பட்டகங்கள் வரிசையாக நிற்கும். தொலைக்காட்சித் திரையில் இரண்டு எழுத்துகள் செங்குத்தான கீற்றுகளாக வெட்டப்பட்டு, இடம் மாற்றித் தோன்றும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் புரியாது. பிளாஸ்டிக் துண்டைத் திரைமுன் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு பட்டகமும் ஒளியை ஒவ்வோர் அளவு விலக்க, கீற்றுகள் தத்தம் இடத்துக்கு வந்து எழுத்துகள் தெரியும். அவற்றைத் தட்டினால் விளையாட்டு திறக்கும்.

மெல்லிய பட்டகத்தில் ஒளி விலகும் கோணம் என்ன? ஒளிவிலகல் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, பட்டகக் கோணத்தால் பெருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள், அல்லது அடுத்த ஆண்டு படிப்பீர்கள். எண் 1.5 என்றும், பட்டகக் கோணம் 10 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால் விலக்கம் 5 டிகிரி. திரையிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் கீற்று ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நகர்ந்து தோன்றும். இந்த 4 மில்லிமீட்டர் பட்டகத்தின் சொத்து. தொலைக்காட்சிப் பெட்டி பெரியதா சிறியதா என்பது அதற்குத் தெரியாது. ஆனால் திரையில் தோன்றும் கீற்றின் அகலமோ பெட்டிக்குப் பெட்டி மாறும். எனவே விளையாடுபவர் முதலில் விசைகளை அழுத்தி, திரையிலுள்ள இரண்டு குறிகளின் இடைவெளியைப் பிளாஸ்டிக் துண்டின் அகலத்துக்குச் சரியாகக் கொண்டுவர வேண்டும். மிகப் பெரிய திரையிலும் மிகச் சிறிய திரையிலும் இது சரிப்படவே இல்லை. போதாக்குறைக்கு, 'எலீட்' வாங்கியவர்களில் சிலருக்கு வேறொரு விளையாட்டுக்கு உரிய பட்டகம் பெட்டிக்குள் வந்துவிட்டது. அவர்கள் எவ்வளவு கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் பயனில்லை. உள்ளே போக அவர்களுக்கு வழியே கிடையாது.

1989-இல் வந்த 'சிம்சிட்டி' என்னும் நகர் அமைக்கும் விளையாட்டு வேறு வழியில் சென்றது. கருஞ்சிவப்புத் தாளில் கறுப்பு மையால் அச்சிட்ட ஒரு குறிப்புப் பட்டியல் அதனுடன் வந்தது. விளையாட்டு கேட்கும் கேள்விக்கு அதைப் பார்த்து விடை சொல்ல வேண்டும். ஏன் சிவப்பு? அக்காலத்து நகல் பொறிகள் பலவற்றில் இருந்த செலினியப் பூச்சு நீல, பச்சை ஒளிகளுக்கே நன்கு வினைபுரியும். சிவப்பு அதற்குக் கறுப்புப் போலத்தான். நகலெடுத்தால் முழுவதும் கறுத்த தாள்தான் வெளியே வரும். நல்லது. ஆனால் மங்கலான விளக்கொளியில் அசலைப் படிப்பதும் எளிதன்று. சிவப்பு ஒளியை உணரும் செல்கள் குறைபட்ட நிறக்குருடு உள்ளவர்களின் கண்ணுக்குச் சிவப்பே இருண்டு தெரியும். அவர்களுக்கு அசலும் நகலும் ஒன்றுதான்! அவர்கள் ஒவ்வொரு முறையும் வீட்டில் வேறு யாரையாவது கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அளவையில் ஒரு சிக்கல்

பிறகு குறுந்தகடு வந்தது. 1.6 மைக்ரான் இடைவெளியில் சுருளும் ஒரே நீண்ட தடம், அதில் நுண்குழிகள், 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி அவற்றைப் படிக்கிறது. கீறல் விழுந்தாலும் செய்தி கெடாதிருக்க, பிழைதிருத்தும் கணித முறை ஒன்று அதில் உள்ளது. தடத்தின் நீளவாக்கில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் அது மீட்டுவிடும். அருமையான பொறியியல். இங்கும் நகல் தடையாளர்கள் பழைய தந்திரத்தையே கொண்டுவந்தார்கள். சேஃப்டிஸ்க் என்ற முறை 1998-இல் வந்தது. தகட்டில் படிக்க முடியாத பகுதிகளைத் திட்டமிட்டு வைத்தது. வேறு சில முறைகள் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு லேசர் போய்ச் சேரும் நேரத்தை அளந்தன. வெற்றுத் தகட்டில் பதித்த நகலில் சுருளின் அமைப்பு சற்றே வேறாக இருக்கும். எனவே நேரமும் வேறாகும்.

நேரத்தை அளப்பது என்று வந்துவிட்டால் பிழையெல்லையும் வந்துவிடும். ஆய்வகத்தில் ஊசலின் அலைவு நேரத்தைப் பத்துப் பேர் அளந்தால் பத்து விடைகள் வரும் அல்லவா? அதே போல ஆயிரம் வகை இயக்கிகள் ஒரே தகட்டைப் படித்தால் ஆயிரம் விதமாக நேரம் வரும். எல்லையை இறுக்கினால் அசல் சில நகல் என்று தள்ளப்படும். தளர்த்தினால் நகல் சில அசல் என்று நுழைந்துவிடும். இரண்டையும் ஒருங்கே ஒழிக்கும் எல்லை எதுவும் கிடையாது.

இப்போது என் மருமகனின் கேள்விக்கு விடை வரப்போகிறது; கூர்ந்து கவனியுங்கள்.

தடை எத்தனை நுட்பமானதாக இருந்தாலும், கடைசியில் நிரலுக்குள் ஒரு வரி இருக்கும்: 'சோதனையில் தேறாவிட்டால் நில்'. இந்த வரி எங்கே ஓடுகிறது? வாங்கியவரின் சொந்தக் கணிப்பொறியில். அங்கே அதைத் தேடிப் பிடித்து, 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. மாற்றுவது கடினமான வேலைதான், மாதக்கணக்கிலும் ஆகலாம். ஆனால் உலகத்தில் ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை செய்தால் போதும். அதன்பின் சுற்றுவதெல்லாம் சோதனை நீக்கப்பட்ட நிரலின் நகல்கள். அவற்றை வைத்திருப்பவர் எவருக்கும் திறமை தேவையில்லை. அவர் சோதனையைச் சந்திப்பதும் இல்லை.

கணக்குக்காக ஒரு கற்பனை எண் வைத்துக்கொள்வோம். சோதனை 200 அசல்களில் ஒன்றைத் தவறாகத் தள்ளுகிறது. ஒரு லட்சம் பேர் விலைக்கு வாங்குகிறார்கள். 500 பேர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். திருட்டு நகல் வைத்திருப்பவர் ஒரு லட்சம் பேர். அவர்களில் நிறுத்தப்படுவோர் பூஜ்யம். சோதனையின் நுட்பத்தைப் பத்து மடங்கு உயர்த்துங்கள்; 500 என்பது 50 ஆகும். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். ஆக, சோதனைக்கு உட்படுபவர்கள் எல்லோரும் விலை கொடுத்தவர்களே. அடுத்த வீட்டுப் பையனின் நகல் நம்முடையதைவிட வலிமையானதன்று. அதில் வாயிற்காவலர் இல்லை, அவ்வளவுதான். (அந்த வாயிற்காவலரோடு கூட வேறென்னவெல்லாம் மாற்றப்பட்டிருக்கிறது, எந்தக் கிருமி நிரல் உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அது வேறு கதை.)

தொலைவில் இருக்கும் சாவி

சோதனை வாங்குபவரின் கையில் இருப்பதால்தானே உடைகிறது, அதைத் தொலைவில் நம்மிடமே வைத்துக்கொண்டால் என்ன என்று அடுத்து யோசித்தார்கள். 2008 செப்டம்பரில் வந்த 'ஸ்போர்' விளையாட்டை மூன்று கணிப்பொறிகளில் மட்டுமே செயல்படுத்தலாம் என்று விதித்தார்கள். அமேசான் கடையின் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் தம் கோபத்தைக் காட்டினார்கள், மூன்று ஐந்தாயிற்று. 2010 மார்ச்சில் 'அசாசின்ஸ் கிரீட் 2' விளையாட்டின் கணிப்பொறிப் பதிப்பை யூபிசாஃப்ட் வெளியிட்டது. ஆடும் நேரம் முழுவதும் இணைய இணைப்பு அறாமல் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. மார்ச் 7-ஆம் நாள் அந்நிறுவனத்தின் சேவைக் கணிப்பொறிகள் மீது யாரோ தாக்குதல் தொடுத்தார்கள். பணம் கொடுத்தவர்கள் பலர் மணிக்கணக்கில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் அந்நிறுவனமே விதியைத் தளர்த்தியது.

சிவப்புத் தாள் கொடுத்த அதே 'சிம்சிட்டி'யின் புதிய பதிப்பு 2013 மார்ச்சில் வந்தது. இம்முறை தாள் இல்லை. எப்போதும் இணைய இணைப்பு வேண்டும். முதல் சில நாள்கள் கூட்டம் தாங்காமல் சேவைக் கணிப்பொறிகள் திணறின. வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த வேறொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். இணைப்பின்றி ஆடும் வசதி ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில்தான் வந்தது.

வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. அதற்குள் ஒளி, நிழல், அசைவு எல்லாவற்றையும் கணித்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பங்கைக் காவல் நிரல் எடுத்துக்கொண்டால் படம் திக்கும். 2021 மே மாதம் வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' விளையாட்டில் இது வெட்ட வெளிச்சமாயிற்று. பகைவரைச் சுடும் இடங்களில் அசல் திக்கியது. தடை உடைக்கப்பட்ட நகல் தடையின்றி ஓடியது. சோதித்துப் பார்த்தவர்கள் இதை அளந்தே காட்டினார்கள். அதே ஜூலையில் தயாரிப்பாளரான காப்கம் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. நகல் தடையின் செயல்பாட்டைச் சீர்செய்திருப்பதாக அதில் சொல்லியிருந்தது.

முதல் சில வாரங்களில்தான் விற்பனை மிகுதி. அதுவரையாவது தடை தாக்குப்பிடித்தால் போதும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் பொருள் உண்டு. ஆனால் அந்தச் சில வாரங்கள் முடிந்த பிறகும் பூட்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பதற்கு என்ன காரணம் சொல்வது? சேஃப்டிஸ்கையே பாருங்கள். அது விண்டோசின் ஆழத்தில் ஓர் இயக்கு நிரலை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தது. அந்த இயக்கு நிரலில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2007-இல் வெளிப்பட்டது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவேயில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் செயலிழக்கச் செய்தது. கணிப்பொறியின் பாதுகாப்புக்கு அது சரியான முடிவுதான். ஆனால் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த நூற்றுக்கணக்கான விளையாட்டுகளின் அசல் தகடுகள் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. நேர்மையாக வாங்கியவர்கள், தாம் வாங்கிய பொருளைத் திறக்க, தடை உடைத்தவர்கள் வெளியிட்ட நிரலைத் தேடிப் போனார்கள்! எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்.

தொலைவிலுள்ள சாவிக்கு இன்னும் ஒரு குணம் உண்டு. அதை வைத்திருப்பவர் கடையை மூடிவிட்டால் சாவியும் போய்விடும். 2014-இல் வந்த 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சேவையை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. தனியாக ஆடியவர்களுக்கும் அன்றோடு விளையாட்டு முடிந்தது. இதையொட்டி ஐரோப்பாவில் ஓர் இயக்கமே தோன்றியது. விற்ற விளையாட்டை ஆட முடியாதபடி ஆக்கக்கூடாது என்று கேட்கும் அதன் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் இப்படி விற்பவர்கள், வாங்குபவருக்குக் கிடைப்பது பொருள் அன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

பூட்டே இல்லாமல் விற்க முடியாதா? முடியும். போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் குழுமம் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி என்ற இணையக் கடை, நகல் தடை இல்லாமலேதான் விற்கிறது. வாங்கியதைப் பதிவிறக்கித் தனி வட்டில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு இணைப்பு தேவையில்லை. அதே குழுமம் உருவாக்கிய 'விட்சர் 3' 2015-இல் அங்கே பூட்டின்றியே விற்பனைக்கு வந்தது. எல்லாக் கடைகளிலும் எல்லாக் கருவிகளுக்குமாகச் சேர்த்து அது 5 கோடிப் படிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக 2023-இல் அறிவித்தார்கள். நல்ல விளையாட்டு என்பதால் விற்றதா, பூட்டில்லாததால் விற்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பூட்டு இல்லாதது அதை மூழ்கடித்துவிடவில்லை என்ற மட்டும் சொல்லலாம்.

நான் இவ்வளவும் சொல்லி முடித்தபோது மணி பத்து. மழை விட்டு, இணைப்பும் வந்துவிட்டது. என் மருமகன் கணிப்பொறியை நோக்கி ஓடினான். அதற்குள் அக்காள் வந்து அதை அணைத்துவிட்டு, அவனைப் படுக்கச் சொல்லிவிட்டார்.